லிஃப்ட் சாரின் கழுத்து

இனிமேல் தன்னுடைய தலையணையைத் தானே தேர்ந்தெடுப்பது என்று லிஃப்ட் சார் ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவு செய்தார். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு மனிதர் எடுக்கக்கூடிய முடிவுகளில் இது பெரியதில்லைதான். ஆனால் கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவர் தானாக எடுத்த முதல் முடிவு. அதனால் முடிவை எடுத்துவிட்டு, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கட்டில் விளிம்பில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

அரசாங்கத்தில் அவருக்கு லிஃப்ட் பரிசோதிக்கும் வேலை. பத்து மாடி, பன்னிரண்டு மாடிக் கட்டடங்களில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி நின்று, டார்ச் அடித்து, மேலிருந்து தொங்கும் இரும்பு வடங்களை அண்ணாந்து பார்க்க வேண்டும். வடத்தில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் லிஃப்டைப் பூட்டிவிடுவார். அவர் வருகிறார் என்றால் கட்டடத்து முதலாளிகள் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொள்வார்கள். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு லிஃப்டும் மேலே போகாது. வீட்டில் மட்டும் அவர் பேச்சு தரைத்தளத்தைத் தாண்டியதில்லை.

இருபது வருஷம் அண்ணாந்து பார்த்த கழுத்து திடீரென்று ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தது. வலது பக்கம் திரும்பாது. கீழே குனியாது. பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் யாரென்று பார்க்க உடம்போடு திரும்ப வேண்டியிருந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய கஷ்டம், தலையாட்ட முடியாதது. வீட்டில் அவருக்கிருந்த முக்கியமான வேலையே அதுதான்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். தெருவில் எல்லோரும் டீச்சர் என்பார்கள். அவரும் மனசுக்குள் அப்படித்தான் கூப்பிட்டார்.

"சாயங்காலம் ஃபில்டர் ரிப்பேர் பண்ண ஆள் வருவான். நீங்க வீட்ல இருக்கணும்," என்பாள் டீச்சர்.

லிஃப்ட் சார் தலையாட்டப் பார்ப்பார். அசையாது.

"என்ன, முடியாதா?"

"முடியும்."

"அப்புறம் ஏன் முறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

"முறைக்கல. கழுத்து."

"எதைச் சொன்னாலும் கழுத்து."

இப்படி மூன்று வாரம் போன பிறகுதான் டாக்டரிடம் போனார். டாக்டர் அமுக்கிப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். எலும்பில் ஒன்றுமில்லை என்றார். "தலையணைதான் சரியில்ல. தோளுக்கும் காதுக்கும் நடுவுல இருக்கிற இடத்தை மட்டும் நிரப்பினாப் போதும். கடையில படுத்துப் பாத்து வாங்குங்க. அவங்கவங்க படுக்கற வாகு அவங்கவங்களுக்குத்தான் தெரியும்."

அவங்கவங்க. அந்த ஒரு வார்த்தை லிஃப்ட் சாரைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து பிறந்ததுதான் திங்கட்கிழமை முடிவு.

"தலையணைய நானே போய் வாங்கிக்கறேன்," என்றார்.

"சரி," என்றாள் டீச்சர்.

இவ்வளவு சுலபமா என்று மலைத்துப்போய், செருப்பை மாட்டிக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தபோது, டீச்சர் கைப்பையோடு அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

கடையில் படுத்துப் பார்ப்பதற்கென்றே ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். கடைக்காரர் கழுத்தில் அளவு நாடா தொங்கியது. லிஃப்ட் சாரை அதில் படுக்கவைத்துவிட்டுக் கேட்டார்: "எந்தப் பக்கமா சாஞ்சு தூங்குவீங்க சார்?"

லிஃப்ட் சார் வாயைத் திறந்தார்.

"சுவத்துப் பக்கமா," என்றாள் டீச்சர்.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"எது? கழுத்து வலியா, சுவத்துப் பக்கம் திரும்பினதா?"

கடைக்காரர் கொஞ்சம் தயங்கினார். "வலி."

"வலி மூணு வாரமா. மத்தது இருபத்தஞ்சு வருஷமா. மொத வருஷத்தைக் கழிச்சுட்டேன்."

கடைக்காரர் அவசரமாக வேலையில் இறங்கினார். நாடாவை எடுத்துத் தோளை அளந்தார், காதை அளந்தார். உள்ளே போய், நடுவில் பள்ளமும் ஓரத்தில் மேடுமாக ஒன்றைக் கொண்டுவந்தார். டீச்சர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் கொழுகொழுவென்று இருந்த பஞ்சுத் தலையணையைக் காட்டினாள். லிஃப்ட் சார் படுத்தபடியே, கூரையைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு இதுதான்," என்றார். தன் குரல் அவருக்கே புதிதாகக் கேட்டது.

"உங்க கழுத்து," என்றாள் டீச்சர்.

கோப்பையை ஜெயித்து வருகிறவர் மாதிரி தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு வந்தார்.

இரண்டாம் நாள் காலையில், குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, சும்மா வலது பக்கம் திரும்பிப் பார்த்தார். திரும்பியது. இடது பக்கம். திரும்பியது. குனிந்தார், நிமிர்ந்தார், ஒரு வட்டம்கூடச் சுற்றிப் பார்த்தார். எண்ணெய் போட்ட கப்பி மாதிரி சுற்றியது. மூன்று வாரமாகச் செய்யாமல் விட்ட காரியங்களையெல்லாம் சந்தோஷமாகச் செய்து முடித்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, கதவைத் திறந்து டீச்சரிடம் சொல்லப்போன அந்த வினாடியில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. பேசாமல் அப்படியே சொல்லியிருக்கலாம்.

விஷயம் இதுதான். மகள் வேலை கிடைத்து வெளியூர் போய் நாலு மாதம் ஆகிறது. அவளுடைய அறை காலி. ஒற்றைக் கட்டில், ஒரு மேஜை, தெருவைப் பார்த்த ஜன்னல். லிஃப்ட் சாருக்கு அந்த அறைமேல் ரொம்ப நாளாக ஒரு கண். காரணம், தலையணை மந்திரம். மற்ற வீடுகளில் மனைவிமார் மந்திரம் ஓதிக் காரியம் சாதித்துக்கொள்வார்களாம். இங்கே விளக்கை அணைத்ததும் டீச்சர் ஓதுவது அவருடைய குற்றப் பத்திரிகை. அன்றைக்குச் செய்ததில் ஆரம்பித்து, பின்பக்கமாகவே நடந்து, மகள் பிறந்தபோது அவர் ஆஸ்பத்திரிக்கு லேட்டாக வந்தது வரைக்கும் போவாள். ஒன்றும் பொய் இல்லை. அதுதான் தாங்க முடியாதது. அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்.

தனக்குத் தனி அறை வேண்டும் என்று எந்தப் புருஷன் வாயைத் திறந்து கேட்க முடியும்? வாய் கேட்க முடியாததைக் கழுத்து கேட்கலாம்.

அவர் துண்டைச் சரிசெய்துகொண்டு, கழுத்தில் கையை வைத்தபடி, முனகிக்கொண்டே வெளியே வந்தார்.

"இன்னும் வலிக்குதா?" என்றாள் டீச்சர்.

"ஜாஸ்தியாயிருக்கு."

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "வேற பாப்போம்," என்றாள்.

அடுத்தது ரப்பர் தலையணை. பாறை மாதிரி இருக்கிறது என்றார். அதற்கடுத்தது உள்ளே தண்ணீர் நிரப்புகிற வகை. குளத்தில் தலை வைத்த மாதிரி காதுக்குள் களக் களக் என்கிறது என்றார். நாலாவதாக வந்தது அந்தக் கொழுகொழு பஞ்சுத் தலையணை. அதில் தலை வைத்தால் இரண்டு பக்கமும் எழும்பிக் கன்னத்தை அமுக்குகிறது, மூச்சு முட்டுகிறது என்றார். ஒவ்வொரு தடவையும் டீச்சரே கடைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தாள். ஒரு முணுமுணுப்பு இல்லை. அவள் இவ்வளவு பொறுமைசாலி என்று அவருக்குத் தெரியாது. உள்ளுக்குள் கொஞ்சம் உறுத்தியது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

வலித்த கழுத்தைவிட வலிக்காத கழுத்துதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. வலிக்கிறபோது தானாக விறைத்து நின்றது. இப்போது அவர் விறைத்து நிறுத்த வேண்டியிருந்தது. அலுவலகத்திலும் விட முடியவில்லை. பக்கத்து மேஜைக்காரரின் தங்கை டீச்சரின் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள். அதனால் லிஃப்ட் குழியில் நின்று, அண்ணாந்து பார்க்காமல், ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் பிடித்து வடங்களைப் பார்த்தார். ஏதோ புது முறை போலிருக்கிறது என்று முதலாளிகள் இன்னும் அதிகமாகப் பயந்தார்கள்.

நாலாவது தலையணையும் திரும்பிப் போன அன்றைக்கு, சாப்பாட்டு மேஜையில், அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"கோளாறு தலையணையில இல்ல போலிருக்கு."

"பின்ன?"

"மெத்தை. நம்ம மெத்தை ரொம்ப மெதுவா இருக்கு. உடம்பு உள்ள போயிடுது, தலை மட்டும் மேல நிக்குது."

டீச்சர் தட்டை ஓரமாக நகர்த்தினாள். "கெட்டியான மெத்தை வேணுங்கறீங்க."

"பொண்ணு ரூம்ல இருக்கே, அது கெட்டிதானே?"

"ஆமா."

"அந்தப் பள்ளம் வெச்ச தலையணையும் அந்த மெத்தையும் இருந்தா சரியாப் போயிடும்னு நினைக்கிறேன். எனக்கு ஒண்ணும் இல்ல. கழுத்துக்காகத்தான்."

டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்தாள். முகத்தில் வருத்தம் மாதிரி ஏதோ வந்து போனது. "உங்க நல்லதுக்குன்னா நான் எதுக்குக் குறுக்க நிக்கப்போறேன்? நாளைக்கே ஏற்பாடு பண்றேன்," என்றாள்.

மறுநாள் வேலையில் அவருக்கு மனசே இல்லை. மேஜையை ஜன்னலோரம் தள்ளிப் போடுவது என்று மனசுக்குள் அறையை ஒழுங்குபண்ணிக்கொண்டிருந்தார். இரண்டு லிஃப்டுகளைச் சரியாகப் பார்க்காமலே நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, அப்புறம் மனசு கேட்காமல் திரும்பிப் போய்ப் பார்த்தார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது எதிர் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் வியர்வையைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்கள். "இப்ப எப்படி சார் இருக்கு கழுத்து? பாவம் டீச்சர், லீவு போட்டுட்டுக் காலையிலேர்ந்து இதே வேலையா இருக்காங்க," என்றார் எதிர் வீட்டுக்காரர்.

லிஃப்ட் சார் உள்ளே ஓடிப் பார்த்தார். பெரிய அறையில், இரட்டைக் கட்டிலின் நட்டநடுவில், மகளின் ஒற்றை மெத்தை கிடந்தது, பெரிய தட்டில் ஒரு பிஸ்கட்டை வைத்த மாதிரி. அதன்மேல், கடையிலிருந்து திரும்பி வந்த அவருடைய பள்ளத் தலையணை.

"மெத்தை இங்க வந்துடுச்சு," என்றார்.

"கெட்டி மெத்தைதானே கேட்டீங்க? அதான் தூக்கி இங்க போடச் சொன்னேன். பழசு அந்த ரூம்ல. கட்டிலுக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு, கட்டிலை எடுத்துட்டுத் தரையில போட்டாச்சு."

"அப்ப நீ?"

"எனக்குக் கெட்டி ஒத்துக்காதுங்க. மெத்தை எங்கயோ நான் அங்க."

அன்றைக்கு விளக்கை அணைத்த பிறகு ஒரு சத்தமும் இல்லை. லிஃப்ட் சார் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். திரும்ப வேண்டிய அவசியம் எதுவும் இல்லை என்று கொஞ்சம் தாமதமாக உறைத்தது. மல்லாந்து படுத்தார். இருபத்தாறு வருஷமாகத் தன்னைத் திட்டித்தான் தூங்கவைத்திருக்கிறார்கள் என்பது அவருக்கே புதுச் செய்தியாக இருந்தது.

காலையில் ஐந்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. அது பெரிய அறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. எழுந்து போய்ப் பால் வாங்கினார். தண்ணீர் மோட்டார் சுவிட்சும் அவர் தலைமாட்டில்தான். தொட்டி நிறைகிற வரைக்கும் விழித்திருந்து நிறுத்த வேண்டும். இதெல்லாம் இத்தனை வருஷமும் யார் செய்தார்கள் என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. பதில் தெரிந்த கேள்வி. ஏழு மணிக்கு டீச்சர் மகளின் அறையிலிருந்து வந்தாள். முகம் கழுவிவிட்டாற்போல் தெளிவாக இருந்தது. மேஜையை அவள் ஜன்னலோரம் தள்ளிப் போட்டிருந்தாள்.

பத்து நாள் தாங்கினார். பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை. டீச்சர் கூடத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவர் எதிரே போய் உட்கார்ந்தார்.

"ஒரு நல்ல சேதி. கழுத்து சரியாயிடுச்சு."

அவள் நிமிரவில்லை. "எப்ப?"

"இன்னிக்குக் காலையிலதான்."

"மொத தலையணை வாங்கின ரெண்டாம் நாளே சரியாயிடுச்சு," என்றாள் டீச்சர், ஒரு தாளைப் புரட்டி வைத்துவிட்டு.

லிஃப்ட் சார் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மூணு வாரமா தாடைக்குக் கீழ ரேசரே படல. கழுத்தைத் தூக்க முடியாம புதராட்டம் விட்டிருந்தீங்க. அன்னிக்குக் குளியல் ரூம்லேர்ந்து வழவழன்னு வந்து நின்னு முனகறீங்க."

"தெரிஞ்சுக்கிட்டேவா அத்தனை தலையணை மாத்தினே?"

"எங்க வந்து நிக்கப் போறீங்கன்னு பாத்தேன். மூணாவது தலையணையில தெரிஞ்சுபோச்சு. பொண்ணு போன அன்னிலேர்ந்து எனக்கும் அந்த ரூம் வேணும்னு இருந்துச்சு."

"நீயே கேட்டிருக்கலாமே."

"நான் கேட்டிருந்தா, புருஷனை விட்டுத் தனியாப் போயிட்டாள்னு ஆயிருக்கும். உங்க அக்கா வந்து மூணு நாள் உக்காந்து அழுதிருப்பாங்க. இப்ப கேட்டது நீங்க. எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். எல்லாரும் உங்களை ரொம்ப விசாரிக்கறாங்க."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இப்பதான் சரியாயிடுச்சே. பழையபடியே இருந்துக்கலாம்."

டீச்சர் சிவப்பு மையில் ஒரு கூட்டலைத் திருத்தினாள். "வலது பக்கம் திரும்புதா?"

திரும்பிக் காட்டினார்.

"இடது பக்கம்?"

காட்டினார்.

"மேல பாக்க முடியுதா?"

ஆசையோடு, எவ்வளவு முடியுமோ அவ்வளவு அண்ணாந்து காட்டினார்.

"நல்லதாப் போச்சு. பெரிய ரூம் பரண்ல என் துணிப் பெட்டி மூணு இருக்கு. யாரைக் கூப்பிட்டு இறக்கறதுன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். எடுத்துட்டு வந்து என் ரூம்ல வெச்சிடுங்க."

லிஃப்ட் சார் முக்காலியைப் போட்டு ஏறினார். ஒவ்வொன்றாக இறக்கினார். மூன்றாவது பெட்டிதான் கனம். கல்யாணத்துக்கு அவள் கொண்டுவந்தது. அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவர் கூடத்தைக் கடந்தபோதுதான் டீச்சர் முதல் தடவையாகத் தாளிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"மெதுவாங்க," என்றாள். "கழுத்து பத்திரம்."