காந்தமும் கமலாம்பாளும்

"சிகரெட்டா, காலா? ஒண்ணைச் சொல்லுங்க" என்றார் ரத்தக்குழாய் டாக்டர்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

பின்னே? கேட்டவுடன் பதில் சொல்லிவிட முடியுமா? இடது கால் என்னோடு அறுபத்தெட்டு வருஷமாக இருக்கிறது. சிகரெட் வந்து நாற்பத்தெட்டு. இரண்டுமே வேண்டப்பட்டவை. கால்விரல் ஒன்று கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. வரப்பில் பத்தடி நடந்தால் ஆடுசதையை யாரோ துணி பிழிகிற மாதிரி பிழிவார்கள். நின்றுவிடுவேன். நின்றால் சும்மா நிற்க முடியுமா? ஒன்று பற்றவைப்பேன்.

என் மனைவி கமலாம்பாள் யோசிக்கவே இல்லை. தஞ்சாவூரில் மண்டையில் காந்தம் வைத்து சிகரெட்டை விடவைக்கிற இடம் இருப்பதாக மகள் ஈஸ்வரி போனில் சொல்லியிருந்தாள். அங்கேதான் போகிறோம் என்றாள் இவள்.

"காந்தம் எதுக்குடி? நான் என்ன இரும்பா?"

"மண்டை இரும்புதானே. நல்லா ஒட்டும், வாங்க."

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் நீடாமங்கலம் பக்கத்தில் விவசாயி வீட்டை விட்டுக் கிளம்ப ஒரே ஒரு வாக்கியம் போதும்: "தண்ணி பார்த்துட்டு வரேன்." எந்த மனைவியும் மறுகேள்வி கேட்கமாட்டாள். மடை உடைந்தால் சோறு போச்சு. அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு காலையும் மாலையும் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நின்று ஊதினேன். வருஷக்கணக்காக ஓடியது. ஒரு மாசி மாதம் கமலாம்பாள் கேட்டாள்:

"வயல்ல இப்ப என்ன நிக்குது?"

"உளுந்து."

"உளுந்துக்கா தண்ணி பார்க்கறீங்க?"

உளுந்து பனியைக் குடித்தே வளர்ந்துவிடும். அதற்கு எவனும் தண்ணீர் விடமாட்டான். மேட்டூரை மூடி மூன்று வாரம் ஆகியிருந்தது. வாய்க்காலுக்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

"தண்ணி இருக்கான்னு பார்க்கலை. இல்லைன்னு உறுதி பண்ணிட்டு வரேன்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து, ஒரு வெற்றிலைக்குக் காம்பு கிள்ளினாள். கமலாம்பாள் வெற்றிலை போடுவாள். சுண்ணாம்பு, சீவல், ஒரு சிட்டிகை புகையிலை. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஞாபகம் வைத்துக்கொண்டதால்தான் இந்தக் கதையே.

காந்த டாக்டர் பெயர் எழில்மொழி. வலங்கைமான் பக்கத்துப் பெண். ஆறு வாரத்தில் பதினெட்டுத் தடவை வரவேண்டும் என்றாள். மூளையில் ஆசையை அடக்கிவைக்கிற இடம் ஒன்று என்னிடம் தூங்கிக்கிடக்கிறதாம். அதைத் தட்டி எழுப்புவார்களாம்.

"மடையைத் திறக்கறதுதான் எங்க வேலை, ஐயா. தண்ணி உங்ககிட்ட இருக்கணும். எதுக்காக விடறீங்க?"

"இவ சொன்னா."

"அது அம்மாவோட காரணம்."

"பேரப்பிள்ளைங்க..."

"அது அவங்களோட காரணம். உங்களுக்குன்னு ஒண்ணு சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் அதைச் சொன்னப்புறம்தான் மிஷினைப் போடுவோம்."

அப்போது எனக்கு ஒரு யோசனை உதித்தது. காந்தம் வைக்காமலே மூளை வேலை செய்தது அன்றைக்குத்தான்.

"இவ புகையிலையை விடட்டும். நானும் விடறேன். இவ ஒரு தடவை வாயில போட்டாலும் ஒப்பந்தம் முறிஞ்சுபோச்சு. அப்புறம் எங்க வீட்டுல சிகரெட்டைப் பத்தி ஒருத்தரும் பேசக்கூடாது."

நாற்பத்தைந்து வருஷத்துப் புகையிலை. மூன்று நாள் தாங்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

"சரி" என்றாள் கமலாம்பாள். அவ்வளவுதான்.

சிகிச்சையை என்னவென்று சொல்ல! நர்ஸ் ஷமா என் கையில் ஒரு சிகரெட்டைக் கொடுப்பாள். முகர்ந்து பார்க்கச் சொல்வாள். லைட்டரையும் கொடுப்பாள். பசித்தவனை உட்காரவைத்து, இலை போட்டு, சாம்பார் ஊற்றி, கையைக் கட்டுகிற மாதிரி. நாக்கில் ஊறும்போது பிடுங்கிக்கொண்டு தலையில் காந்தத் தொப்பியை மாட்டுவாள். டொக் டொக் டொக் டொக்! உள்ளே ஒரு மரங்கொத்திக் குடும்பம் குடியேறியது. ஊரில் போய், என் தலையில் கரண்டி ஒட்டுகிறது என்றும், ரயில் வரும்போது என்னைத் தண்டவாளத்துப் பக்கம் இழுக்கிறது என்றும் சொன்னேன். நாலு பேர் நம்பினார்கள்.

மூன்று நாள் போயிற்று. கமலாம்பாள் வெறும் வெற்றிலை மென்றாள். பத்து நாள் போயிற்று. அப்போதும் வெறும் வெற்றிலை. நான் கண்காணிப்பைத் தீவிரமாக்கினேன். அவள் கொல்லைக்குப் போனால் எனக்கும் கொல்லையில் வேலை வந்தது. இருமினால் ஓடிப்போய் வாயைப் பார்த்தேன். அவளைப் பிடிக்கிற நேரத்தில் என் வாயில் நாற்றம் இருக்கக்கூடாதல்லவா? அதனால் நான் தொடவில்லை. மோட்டார் கொட்டகையில் சுவிட்ச் பெட்டிக்கு மேலே முழுசாக ஒரு பாக்கெட் இருந்தது. வெற்றி விழாவுக்கென்று அதை விட்டுவைத்தேன்.

ஆறாவது வாரம் பிடித்துவிட்டேன். அவள் குளிக்கப் போயிருந்தாள். செல்லத்தின் அடித்தட்டில், மடித்த துணிக்குள், பழுப்பு நிறத்தில் நார் நாராக... ஒரு கிள்ளு எடுத்துக் காகிதத்தில் முடிந்துகொண்டேன். வாயே திறக்கவில்லை. மறுநாள் பதினெட்டாவது தடவை. கொட்டகைக்குப் போய் சிகரெட் பாக்கெட்டையும் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கமலாம்பாளோடு பஸ் ஏறினேன்.

"காரணத்தைச் சொல்லுங்க, ஐயா" என்றாள் டாக்டர்.

"காரணம் செத்துப்போச்சு, டாக்டரம்மா" என்று காகிதத்தைப் பிரித்து மேஜையில் வைத்தேன். "இவ செல்லத்துல இருந்துச்சு."

ஷமா எடுத்து முகர்ந்தாள். பிறகு, அந்தப் பெண் ஒரு நாரைக் கூசாமல் வாயில் போட்டு மென்றாள்.

"இனிக்குது. அதிமதுரம், ஐயா."

நான் கமலாம்பாளைப் பார்த்தேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"புகையிலையை எங்கேடி வச்சிருக்கே?"

"அதை விட்டு மூணு வருஷமாச்சு."

கமலாம்பாள் ஜன்னலைப் பார்த்தபடியே மேலே சொன்னாள்.

"கன்னத்துக்கு உள்பக்கம் வெள்ளையா ஒரு திட்டு வந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொஞ்சம் சதையை வெட்டி எடுத்து அனுப்பினாங்க. முடிவு வர எட்டு நாளாச்சு. ஒண்ணுமில்லைன்னுட்டாங்க, ஆனா இனிமே தொடாதேன்னாங்க. அன்னைக்கே விட்டேன். அதிமதுரத்தைக் கிள்ளிப் போட்டுக்குவேன்."

"யாரு கூட வந்தா?"

"பஸ்ல தனியாத்தான் போனேன்."

"நான் எங்கே இருந்தேன்?"

"தண்ணி பார்க்கப் போயிருந்தீங்க."

எட்டு நாள். அந்த எட்டு நாளும் அவள் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். நானும் சாப்பிட்டு ஏப்பம் விட்டிருப்பேன். ரசத்தில் உப்பு குறைவு என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

"ஏன் சொல்லலை?" என்றேன்.

"சொல்லியிருந்தா கவலையில இன்னும் ரெண்டு பாக்கெட் கூட ஊதியிருப்பீங்க."

ஊதியிருப்பேன்தான்.

"அப்ப எதுக்கு ஒளிச்சு வச்சே?"

"நீங்க தேடணும்னுதான். காலுக்காக விடமாட்டீங்க, பேரப்பிள்ளைக்காக விடமாட்டீங்க. என்னை ஜெயிக்கணும்னா மட்டும் விடிகாலையில எழுந்துக்குவீங்க. நாற்பத்தஞ்சு வருஷமாப் பார்க்கிறேனே."

டாக்டர் எழில்மொழி ஏதோ எழுதிக்கொண்டாள். காந்தத்தின் கணக்கில் எழுதினாளா, கமலாம்பாளின் கணக்கில் எழுதினாளா, தெரியவில்லை. பதினெட்டாவது தடவையும் தொப்பியை மாட்டினார்கள். அன்றைக்கு மரங்கொத்தி கொத்தியது எனக்கு உறைக்கவே இல்லை. வேறெதுவோ கொத்திக்கொண்டிருந்தது.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். கமலாம்பாள் பக்கத்துக் கடைக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனாள். என் கை தானாகச் சட்டைப்பைக்குள் போயிற்று. துக்கமோ, வெட்கமோ, நாற்பத்தெட்டு வருஷம் எல்லாவற்றுக்கும் கை அங்கேதான் போயிருக்கிறது. ஒன்றே ஒன்று. அதோடு சரி. பாக்கெட்டைத் திறந்தேன்.

உள்ளே பத்து அதிமதுரக் குச்சி. அளவாக நறுக்கி, வரிசையாக அடுக்கியிருந்தது.

நிமிர்ந்தேன். கமலாம்பாள் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

"எப்படி... இதை எப்ப வச்சே?" என்று குழறினேன்.

"சரின்னு சொன்னேனே, அன்னைக்குச் சாயந்தரமே."

சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கல்யாணப் பந்தலில்தான் கடைசியாகப் பார்த்தது.

"ஏங்க, இன்னைக்குத்தான் இதைத் திறக்கறீங்களா?"

நாற்பத்தைந்து வருஷத்தில் முதல்முறையாக நான் யோக்கியன் என்று ருசுவாயிற்று, அதுவும் திருடப் போன இடத்தில்.