ஊசி அத்தைக்கு ஊசி

செய்யூர் வட்டாரத்தில் முப்பது வயதைத் தாண்டிய எந்த ஆம்பிளையும், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், என் அத்தைக்கு முன்னால் மீசையை முறுக்க முடியாது. அத்தனை பேருடைய பின்பக்கத்தையும் அவள் பார்த்திருக்கிறாள்.

தப்பாக நினைத்துவிடாதீர்கள். அத்தை அரசாங்க நர்ஸ். சுற்றுப்பட்ட கிராமங்களுக்கெல்லாம் முப்பது வருடம் சைக்கிளில் போய் ஊசி போட்டவள். ஊருக்கு ‘ஊசி நர்சம்மா’, எங்கள் குடும்பத்துக்கு ‘ஊசி அத்தை’. சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது. என் அப்பாவுக்கு அக்கா என்பதால் எனக்குச் சலுகை ஏதும் கிடையாது. எவர்சில்வர் டப்பாவில் ஊசியைக் கொதிக்க வைத்துக்கொண்டே, “எறும்பு கடிக்கிற மாரி தான் நைனா இருக்கும்” என்பாள். அப்படிக் கடிக்கிற எறும்பை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

தொண்ணூறுகளில் ரிடையர் ஆனாள். ஆனாலும் பழைய நோயாளிகளை விடவில்லை. ஒரு தேர்தல் சமயம், வேட்பாளர் ஒருவர் மாலையும் கையுமாக, இருபது பேரோடு வாசலுக்கு வந்து கும்பிட்டார்.

“நர்சம்மா, என்னத் தெரியுதா?”

அத்தை கண்ணை இடுக்கிப் பார்த்தாள். “மூஞ்சி நெனப்பு வர்ல. கொஞ்சம் திரும்பி நில்லு, சொல்றேன்.”

கூட வந்த இருபது பேரும் சிரித்த சிரிப்பில் அந்த மனிதர் அடுத்த தெருவுக்கே போய்விட்டார்.

வயசாவதைப் பற்றி அத்தை ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. யாராவது “உடம்பு எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டால் போதும். “மேல பல்லு காலி பண்ணிட்டுப் போய்ட்சி. கீழ முட்டி காலி பண்றேன்னு நோட்டீஸ் குடுத்துட்சி. நடுவுல வயிறு மட்டும் தான் குடியிருக்குது. அதுக்கு இன்னா கொண்டாந்த?” என்பாள். மாமா போய்ச் சேர்ந்த பிறகும் செய்யூர் வீட்டில் தனியாகவே இருந்தாள். மகன் வேலு, அதாவது என் மச்சான், சென்னைப் பக்கம் படூரில் அபார்ட்மெண்ட் வாங்கிக் குடியேறியபோது அம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்தான்.

“ஏழாவது மாடில நான் இன்னாடா பண்றது? மேகத்துக்கு ஊசி போடறதா?” என்று சொல்லிவிட்டாள்.

இவளுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது என்பது எங்கள் ஒருவருக்கும் தெரியாது. அவள் வாய் அப்படி. சந்தேகம் வருவதற்குள் ஒரு நக்கல் அடித்துவிடுவாள். ஒருமுறை குடும்பத்தோடு மகாபலிபுரம் போயிருந்தோம். சிற்பக் கடை வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு சிலை நின்றது. அத்தை நேரே அதனிடம் போய், “தம்பி, பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம்?” என்று கேட்டாள். பதில் இல்லை. இன்னொரு தடவை கேட்டாள். “இன்னா திமிரு பாரு” என்று முறைத்தாள். நாங்கள் ஓடிப்போய், “அத்தே, அது சிலை!” என்றோம். ஒரு நொடி திகைத்தாள்.

“தெரியும்டா. எதிர்த்துப் பேசாத ஆம்பளய வாழ்நாள்ல பாத்ததே இல்ல. அதான் ரெண்டு வார்த்த பேசிப் பாத்தேன்.”

நாங்களும் முட்டாள்தனமாகச் சிரித்துவிட்டு வந்தோம்.

குட்டு உடைந்தது செங்கல்பட்டில், ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மண்டபம். இரண்டு வாசலிலும் வீடு உயரத்துக்கு பிளெக்ஸ் பேனர், பெண் மாப்பிள்ளை படத்தோடு. தாலி கட்டி முடிந்தும் அத்தையைக் காணவில்லை. பதறிப்போய்த் தேடினால், அடுத்த மண்டபத்து மேடையில் நிற்கிறாள். முன்பின் தெரியாத ஜோடிக்கு அட்சதை போட்டு, போட்டோவும் எடுத்துக்கொண்டு, முதல் பந்தியிலேயே சாப்பிட்டும் முடித்திருந்தாள். பெண் வீட்டார் அவளை மாப்பிள்ளை வீடு என்று நினைத்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்று நினைத்து இன்னொரு ஜாங்கிரி வைத்திருக்கிறார்கள்.

மச்சான் அவளை வாசலுக்கு இழுத்துவந்து பேனரைக் காட்டினான். “எம்மா, அதுல இன்னா எழுதிகீது, படி.”

“இன்னாத்த படிக்கிறது? எல்லா மாப்பிள்ளயும் ஒரே மாரி தான் முழிக்கிறானுங்க.”

மச்சான் கையை நீட்டினான். “இது எத்தினி வெரலு?”

“அத்தினியும் நான் பெத்தது தான், போடா.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அன்றே கண் டாக்டரிடம் காட்டினோம். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. விட்டால் பார்வை போய்விடும் என்றார். மச்சான் தீர்மானமாகச் சொல்லிவிட்டான்: பொங்கலுக்குள் ஆபரேஷன். இல்லையென்றால் செய்யூர் வீட்டைப் பூட்டிவிட்டுப் படூருக்கு வந்துவிட வேண்டும்.

அடுத்த வாரமே செய்யூர் பள்ளிக்கூடத்தில் கண் முகாம். அத்தை காலையிலேயே வரிசையில் முதல் ஆளாக நின்றாள். அவளுடைய முறை வந்ததும் பின்னால் நின்ற கிழவியை, “நீ போம்மா, நான் பொறவு போறேன்” என்று அனுப்பினாள். அடுத்து ஒரு கிழவர். அடுத்து இன்னொரு கிழவி. பத்து மணிக்குள் முகாமே அவள் கைக்கு வந்துவிட்டது. “பயப்படாத, ஒண்ணும் ஆவாது” என்று எல்லாருக்கும் தைரியம் சொல்லிச் சொல்லி உள்ளே தள்ளினாள். மத்தியானம் டாக்டர்கள் வேன் ஏறிப் போய்விட்டார்கள். அத்தை சந்தோஷமாக வீட்டுக்கு வந்து மீன் குழம்பு வைத்தாள்.

எனக்கு அப்போது செங்கல்பட்டில் வேலை. பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது நானே அவளைக் கூட்டிப்போய், அங்கே ஒரு கண் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வார்டில் கட்டிலில் உட்காரவைத்தார்கள். ஊசி ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க முதலில் கையில் துளி மருந்து ஏற்ற வேண்டும். சின்ன நர்ஸ் ஒருத்தி ட்ரேயோடு வந்து, “பாட்டி, எறும்பு கடிக்கிற மாதிரிதான்” என்றாள்.

“அடிப்பாவி! அது நான் முப்பது வருசமா சொல்லிகினு வந்த பொய்யி!”

அத்தை கட்டிலை விட்டு இறங்கிவிட்டாள். என் காதருகே வந்து, குரலைத் தாழ்த்தி, “நைனா, வூட்டுக்குப் போலாம். எனுக்கு ஊசின்னா பயம்” என்றாள்.

“அத்தே, விளையாடாத.”

“சத்தியமா. வேலு பொறந்தப்ப கூட வேணாம்னு டாக்டர் கைய கடிச்சிட்டேன். ஊரு ஜனத்துக்கெல்லாம் குத்தினேன், ஒருத்தர்கிட்டயும் இத சொன்னது இல்ல.”

செருப்பைக் காலால் துழாவித் தேடினாள். முதல்முறையாக அவள் எனக்குக் கிழவியாகத் தெரிந்தாள். இவளைப் படூர் மாடியில் கொண்டுபோய் உட்கார வைத்தால் ஒரு மாதம் தாங்கமாட்டாள். தோளைப் பிடித்து மறுபடி கட்டிலில் உட்காரவைக்கப் பார்த்தேன்.

அப்போதுதான் மூலைக் கட்டிலில் இருந்து ஒரு குரல் வந்தது. “அது நம்ம ஊசி நர்சம்மா கொரலு தான?”

சவுக்குத் தோப்புக்காரர் ஒருவர், ஒரு கண்ணில் கட்டோடு எழுந்து வந்தார். “நர்சம்மாவுக்கா ஊசி?” என்று அவர் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்துகொண்டது. செய்யூர்ப் பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் அவளிடம் குத்து வாங்கினவர்கள். கட்டுப் போட்ட கண்ணோடு, சுவரைத் தடவிக்கொண்டு வந்து கட்டிலைச் சுற்றி நின்றார்கள். சினிமா பார்க்க வந்த மாதிரி ஒருவர் ஸ்டூலே போட்டு உட்கார்ந்துவிட்டார்.

தோப்புக்காரர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். “நர்சம்மா, திரும்பிப் படுங்க!”

வார்டு அதிர்ந்தது. அத்தை அவர்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். இத்தனை பேர் முன்னால் எழுந்து ஓடினால் அப்புறம் செய்யூரில் தலைகாட்ட முடியுமா? ஜம்மென்று கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். “கையில தான்டா பசங்களா. எனுக்கு மானம் கீது” என்று கையை நீட்டினாள். இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் எனக்கு உயிர் போய் வந்தது. ஆனால் அவள் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

அன்றே முதலில் ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்து, மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். அத்தை முதலில் என்னைத்தான் பார்த்தாள். “இன்னா நைனா, இவ்ளோ வழுக்க விழுந்துட்சா? ஒருத்தனும் சொல்லவே இல்லியே!” பிறகு சின்ன நர்ஸிடம் கண்ணாடி கேட்டாள். தன் முகத்தை ஒழுங்காகப் பார்த்து மூன்று வருடமாவது ஆகியிருக்கும். மனசு ஒடிந்துபோவாளோ என்று எனக்குப் பயம். வெகுநேரம் பார்த்தாள்.

“அய்ய, எங்க மாமியா! இருவது வருசம் அவளோட சண்ட போட்டேன். கடசில என் மூஞ்சிலயே வந்து குந்திகினா பாரு.”

ஒரு வாரம் கழித்து அவளைச் செய்யூர் பஸ்ஸில் ஏற்றி, நானும் கூடப் போனேன். கறுப்புக் கண்ணாடி, ஜன்னல் சீட்டு. உரக்கடை, டீக்கடை, கட்சிக்கொடி எதையும் விடாமல் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். கண்டக்டரே, “ஆயா, அடுத்த ஸ்டாப்பும் நீயே சொல்லிடு” என்றார்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது என் செல்போனுக்கு மச்சான் கூப்பிட்டான். ஒரு மாதமாவது படூரில் வந்து இருக்கச் சொல்லிக் கெஞ்சினான். அத்தை போனை வாங்கினாள்.

“வேலு, கண்ணு நல்லா தெரியுதுடா. என்ன பாக்கணும்னா எப்ப வேணா வா, கோழி அடிச்சிக் கொழம்பு வெக்கிறேன். இட்டுகினு போவறதுக்கு மட்டும் வராத.”

போனை என்னிடம் தந்துவிட்டு, இடுப்பிலிருந்த சாவியை எடுத்தாள். இத்தனை நாள் பூட்டைத் தடவித் தடவித்தான் திறந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏனென்றால் சாவி ஒரே முறையில் உள்ளே போனதும் அவளே நின்று அந்தப் பூட்டைப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைக்கப் போனவள், டாக்டர் கண்ணைத் தொடக்கூடாது என்று சொன்னது ஞாபகம் வந்து மூக்கை மட்டும் துடைத்துக்கொண்டாள்.

“இன்னா நின்னுகினு கீற? உள்ள வா.”

ஆபீசுக்குப் போன் பண்ணி அரைநாள் லீவை முழுநாளாக்கினேன். சாயங்காலக் கடைசி பஸ் வரைக்கும் அவள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுந்து வர எனக்கு மனசே வரவில்லை.