அருப்புக்கோட்டையில் கரை தட்டிய கப்பல்

உலகத்தில் எத்தனையோ கப்பல்கள் கரை தட்டியிருக்கின்றன. ஆனால் குடிதண்ணீர் லாரிக்காக நான்கு தெரு நீளத்துக்குக் குடங்கள் வரிசையில் நிற்கும் அருப்புக்கோட்டை வரைக்கும் வந்து கரை தட்டிய ஒரே கப்பல், எங்கள் மெஸ் முதலாளிதான்.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு அவர் கப்பல் அண்ணாச்சி. அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் வெறும் கப்பல்.

எண்பதுகளின் கடைசியில் நான் அந்த ஊரில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். அதாவது, மற்றவர்கள் அவிழ்த்துப் போட்ட ஃபைல்களைத் திரும்பக் கட்டி வைக்கும் உயர்ந்த பதவி. தங்கியது விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே ஒரு லாட்ஜில். சாப்பாடு கப்பல் மெஸ்ஸில். சாப்பாடு நன்றாக இருக்கும். கூடவே வரும் சொற்பொழிவைத்தான் மெல்ல முடியாது.

அண்ணாச்சி ஏழு வருடம் சரக்குக் கப்பலில் சமையல் உதவியாளராக இருந்தவர். ஒருமுறை இஞ்சின் பழுதாகி, பில்பாவோ என்ற துறைமுகத்தில் கப்பல் நாலு மாதம் நின்றுவிட்டது. ஏழு வருடத்தில் அவர் சிங்கப்பூர் பார்த்திருக்கிறார், ஜப்பான் பார்த்திருக்கிறார். எதைப் பற்றியும் ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்த நாலு மாதம்தான் வாழ்க்கை. மிச்சமெல்லாம் அங்கே போகிற வழி, அங்கிருந்து திரும்புகிற வழி.

"அது ஸ்பெயினுதான அண்ணாச்சி?" என்று ஒருநாள் எங்கள் டைப்பிஸ்ட் சேவியர் கேட்டுவிட்டான்.

"ஸ்பெயினுக்குள்ளதான் இருக்கு தம்பி. ஆனா ஸ்பெயினுன்னு சொன்னா அவுகளுக்குக் கோவம் வந்துரும். பாஸ்க்குன்னு சொல்லணும்."

அவுகளுக்கு வருகிறதோ இல்லையோ, அண்ணாச்சிக்கு வந்துவிடும். அன்றைக்கு ரசம் இரண்டாம் முறை வராது. ஆகவே நாங்கள் அனைவரும் ஒரே குரலில் பாஸ்க் என்றோம்.

அங்கே இருந்து வாங்கிவந்த கறுப்புக் கம்பளி வட்டத் தொப்பி ஒன்று அவர் தலையில் எப்போதும் இருக்கும். சித்திரை வெயில், விறகு அடுப்பு, கம்பளித் தொப்பி. இட்லிக்கு முன்னால் அவர் தலை வெந்துவிடும். எதையாவது ருசி பார்த்தால் "ஓசோ ஒன்தோ!" என்பார். பாஸ்க் பாஷையில் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அர்த்தமாம். அவர்கள் வீட்டில் கன்னடம் பேசும் நெசவுக் குடும்பம். கன்னடத்தில் 'ஒந்து' என்றால் ஒன்று. எனவே அவர் இட்லியைக் கடித்துப் பரவசமாக "ஓசோ ஒன்தோ" என்றதும், உள்ளேயிருந்து அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுபவர், வந்து, "ஒந்தே சாக்கா?" என்று கேட்டு இன்னும் ஒன்றை வைத்துவிட்டுப் போவார். ஒன்று போதுமா என்று கேட்கிறாராம். இப்படியே பாராட்டிப் பாராட்டி அண்ணாச்சிக்கு வயிறு முன்னால் வந்துவிட்டது.

அந்த நாட்டில் ஆண்கள் எல்லாம் சேர்ந்து சங்கம் வைத்துச் சமைப்பார்கள், பெண்கள் அடுப்படிக்கே வரக்கூடாது என்று அவர் சொன்ன அன்று மட்டும் அக்கா வாய் திறந்து தமிழில் பேசினார்: "அப்ப அந்த ஊருக்கே குடிபோயிருவோமே. எதுக்கு இங்க வந்து சொல்லிக்கிட்டு இருக்கீக?"

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. டூர் ஆரம்பித்தார்.

பாஸ்க் நாட்டில் யாரும் ஒரே கடையில் உட்கார்ந்து வயிற்றை நிரப்ப மாட்டார்களாம். ஒரு கடையில் குச்சியில் குத்திய ஒரு வாய்ப் பலகாரம், ஒரு சின்ன கிளாஸ் ஒயின். உடனே அடுத்த கடை. இதை அருப்புக்கோட்டைக்குக் கற்றுக்கொடுக்கும் கடமை தன் தலையில் விழுந்திருப்பதாக அவர் நம்பினார். மெஸ் சுவரில் சாக்பீஸால் எழுதினார்: 'ஞாயிறு மாலை டூர். உணவு, பானம், கலாச்சாரம். ஆறு பேர் மட்டும்.'

"ஏன் அண்ணாச்சி ஆறு பேர்?"

"கூட்டம் சேந்தா ருசி போயிரும் தம்பி."

ஞாயிறு மாலை மெஸ் கிடையாது. வேறு வழியில்லாமல் நாங்கள் கலாச்சாரத்தில் நாட்டம் கொண்டோம்.

முதல் நிறுத்தம் பஸ் ஸ்டாண்டு பக்கம் வடைக் கடை. அண்ணாச்சி ஒரு வடை வாங்கி, ஆறாகப் பிய்த்து, பையிலிருந்து ஈர்க்குச்சி எடுத்து ஒவ்வொன்றாகக் குத்திக் கொடுத்தார். கடைக்காரர் கரண்டியை அப்படியே எண்ணெய்க்குள் விட்டுவிட்டார்.

"ஏன்ப்பா, ஆறு ஆம்பளைக வந்து ஒத்த வடையா? யார் வீட்டுலயும் துட்டியா?"

இழவு வீட்டிலிருந்து வந்தவர்கள்கூட எங்களைவிட அதிகம் சாப்பிட்டிருப்பார்கள். அடுத்து டீக்கடை. பாஸ்க் நாட்டில் ஆப்பிள் சாராயத்தைத் தலைக்கு மேலே பாட்டிலைத் தூக்கி, இடுப்புக்குக் கீழே பிடித்த கிளாஸில் ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றுவார்கள் என்று அண்ணாச்சி கையை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். டீ மாஸ்டர் ஒரு கையை வானத்துக்கும் ஒரு கையைப் பூமிக்குமாக நீட்டி டீ ஆற்றியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதப் பாக்கவா அண்ணாச்சி கப்பல்ல போனீக? இந்தா இருக்கு டவுனு பஸ்ஸு, ஏறி வந்திருக்கலாம்ல?"

எங்களோடு வரும் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு தனபாலுக்கு அன்றே சந்தேகம் வந்துவிட்டது. "ஏலே, இந்த ஆளு ராமேஸ்வரத்தத் தாண்டியிருக்க மாட்டாருலே" என்று என் காதில் சொன்னான். எனக்கும் அப்படித்தான் பட்டது.

இந்த நேரத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். திருச்சுழியில் இரும்புக்கடை வைத்திருந்தவரின் மகள். பெண் கொடுப்பவருக்கு ஒரே நிபந்தனை: மாப்பிள்ளைக்கு இங்கிலீஷ் வர வேண்டும், அப்போதுதான் பதவி உயர்வு வரும். என் சித்தப்பா, "இங்கிலீஷா? தண்ணி மாதிரி வரும்" என்று சொல்லிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை. அருப்புக்கோட்டையில் தண்ணீர் எப்படி வரும் என்றுதான் முன்பே சொன்னேனே.

அதே வாரம் கைத்தறித் துணி பார்க்க ஒரு ஜெர்மன்காரர் வந்து சேர்ந்தார். பல வருடம் ஸ்பெயினில் வேலை பார்த்தவராம். காரமில்லாமல் சமைக்கத் தெரிந்தவர் கப்பல் மட்டுமே என்பதால் சாப்பாட்டுக்கு மெஸ்ஸுக்கு அனுப்பினார்கள். அண்ணாச்சி அவரிடம், "சண்டே. டூர். கம்" என்றார். மூன்றே வார்த்தை. பாவம், அவ்வளவுதான் இங்கிலீஷ் போலிருக்கிறது என்று மனமிரங்கி, மொழிபெயர்க்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன். வருங்கால மாமனாரையும் அந்த ஞாயிறு வரச்சொல்லிவிட்டேன். வெள்ளைக்காரரோடு நான் பேசுவதை அவர் காதால் கேட்க வேண்டாமா?

வாடகை வேனில் காலையிலேயே கிளம்பினோம். பரளச்சி பக்கத்தில் பனங்காட்டில் இறங்கினோம். அதுதான் ஒயினாம். பனையோலைப் பட்டையில் பதநீரை வாங்கி, அண்ணாச்சி சொன்னபடி மெல்லச் சுழற்றி, மூக்கைக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தோம். மரத்திலிருந்து இறங்கியவர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"எதுக்கு மோந்து மோந்து பாக்குறீக? உள்ள எலியா செத்துக் கெடக்கு?"

"வாட் இஸ் ஹீ சேயிங்?" என்றார் ஜெர்மன்காரர்.

"வெரி குட் ஸ்மெல், சார்" என்றேன். மாமனார் என்னைப் பெருமையோடு பார்த்தார்.

மதியம் வீரசோழனில், அண்ணாச்சிக்குத் தெரிந்த பாய் வீட்டில் பிரியாணி. எல்லோரும் உண்டு மயங்கியிருந்தபோது அண்ணாச்சி எழுந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கையிலிருந்த தண்ணீர் டம்ளரை உயர்த்தி, "தோப்பா!" என்று அந்த ஊர் 'சியர்ஸ்' சொல்லி முழங்கி, பாஸ்க் பாஷையில் நாலு வரி கடகடவென்று பேசினார். ஜெர்மன்காரர் கையிலிருந்த எலும்பு இலையில் விழுந்தது. அவர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். பிறகு இங்கிலீஷில் வேகமாகப் பொழிந்தார். கான்வென்டில் படித்த சேவியர் அந்த நேரம் பார்த்துக் கைகழுவக் கொல்லைப்புறம் போயிருந்தான்.

"என்ன மாப்ள சொல்றாரு?" என்று மாமனார் கேட்டார். மாப்ள! முதல்முறையாக அந்த வார்த்தை அவர் வாயில் வந்தது.

நான் பிடித்த வார்த்தைகள் 'நாட் ஸ்பானிஷ்', 'நோ', 'எனி லாங்வேஜ்' ஆகியவை மட்டுமே. அவற்றை வைத்துக்கொண்டு தீர்ப்பு வழங்கினேன். "இது ஸ்பானிஷே இல்லையாம். உலகத்துல வேற எந்தப் பாஷையும் இல்லையாம்!"

தனபால் சிரித்த சிரிப்பில் பாய் வீட்டுக் கோழிகள் சிதறி ஓடின. ஜெர்மன்காரர் அண்ணாச்சியிடம் திரும்பி ஏதோ கேட்டார். அண்ணாச்சி அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் மாமனாரைப் பார்த்தார். பிறகு குனிந்து, "இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் சமாளிக்கிறார் என்று எல்லோருக்கும் உறுதியாகிவிட்டது. எனக்குக் கல்யாணமும் உறுதியாகிவிட்டது.

ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துபோனது. தனபால் இன்ஷூரன்ஸ் பேசப் போன வீட்டிலெல்லாம் இதைத்தான் முதலில் பேசினான். "கப்பலு முங்கிருச்சு" என்று தெருவில் கூவினார்கள். போகாத ஊருக்குப் போனதாகச் சொன்னவர் எந்த எண்ணெயில் பொரிக்கிறாரோ என்று நாலைந்து பேர் வேறு மெஸ்ஸுக்கு மாறினார்கள். சுவரில் டூர் அறிவிப்பு அழிக்கப்பட்டிருந்தது. தலையில் தொப்பி இல்லை. இட்லியைக் கடித்தால் எதுவும் சொல்லாமல் மென்றார். அக்கா கதவுப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். நான் பத்திரிகை அச்சடிக்கும் வேலையில் மும்முரமாக இருந்ததால், இதையெல்லாம் பார்த்தும் பார்க்காமல் இருக்க வசதியாக இருந்தது.

ஆடி மாதம் ஜெர்மன்காரர் மறுபடி வந்தார். மெஸ்ஸுக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி, "பாஸ்க் பேசும் மனிதர் எங்கே?" அண்ணாச்சி கடைத்தெருவுக்குப் போயிருந்தார். சேவியர் அவரோடு பத்து நிமிடம் பேசிவிட்டு என்னிடம் வந்தான். முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"அன்னைக்கு அவர் என்ன சொன்னார்னு தெரியுமா? 'இது ஸ்பானிஷ் இல்ல, பாஸ்க். உலகத்துல வேற எந்தப் பாஷையோடும் இதுக்கு உறவு கிடையாது. அங்கே வருஷக்கணக்கா இருந்த எனக்கே இது வரல, இவர் எப்படிப் பேசுறார்'னு ஆச்சரியப்பட்டிருக்கார். நீ என்னடா சொல்லி வச்ச?"

பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினேன். அண்ணாச்சி திரும்பி வந்து வெங்காயம் நறுக்க உட்கார்ந்ததும் எதிரே போய் நின்றேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு அவர் சொன்னத நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"தெரியும் தம்பி."

"தெரியுமா?"

"ஏழு வருசம் கப்பல்ல ஆக்கிப் போட்டவன். கேப்டன் ஒரு நாட்டுக்காரரு, இஞ்சினியரு ஒரு நாட்டுக்காரரு. இங்கிலீஷு தெரியாமயா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி!"

அப்போதுதான் கத்தி நின்றது. "பொண்ணப் பெத்தவரு பக்கத்துல உக்காந்திருக்காரு. இங்கிலீஷ நம்பித்தான் பொண்ணு தாராரு. அந்நேரம் நான் எந்திரிச்சு மாப்ளைக்கு இங்கிலீஷு வராதுன்னு சொல்லணுமாக்கும்?"

"ஊரே உங்களப் பொய்யருன்னு சொல்லிச்சே."

"சொன்னா என்ன? நான் அங்க இருந்தது எனக்குத் தெரியும்ல. ஒங்களுக்கு இன்னொரு பொண்ணு கெடைக்குமா? ஒங்க மொகரைக்கு இதே பெருசு."

பிறகு அவராகவே சொன்னார். கப்பல் நின்ற நாட்களில்தான் அவருக்கு அப்பா இறந்த செய்தி கடிதத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. எல்லாம் முடிந்து மூன்று வாரம் கழித்து. துறைமுகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தவரை ஒரு பெரியவர் தங்கள் சமையல் சங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், கரண்டியைக் கையில் கொடுத்து, உங்கள் வீட்டில் செய்வதைச் செய் என்றாராம். "தெருவுல ஸ்பானிஷு பேசுறாக, உள்ள வந்து கதவச் சாத்துனா அவுக பாஷை. நம்ம வீடும் அப்டித்தான தம்பி, வெளிய தமிழு, உள்ள கன்னடம். அந்தக் கதவச் சாத்துனதும் எனக்கு அழுக வந்துருச்சு. சாம்பார் வச்சேன். கண்ணுல தண்ணி ஒழுக ஒழுகச் சாப்பிட்டாக. காரம்."

மறுநாள் மதியம், மெஸ்ஸில் எல்லோரும் இலையில் உட்கார்ந்திருக்கும்போது நான் எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். தனபால் வெகுநேரம் அப்பளத்தையே ஆராய்ந்துகொண்டிருந்தான். அடுத்த பஸ்ஸில் திருச்சுழிக்குப் போய் மாமனாரிடமும் சொன்னேன். அவர் ஒரு கிலோ ஆணியை நிறுத்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பத்திரிகை குடுத்து முடிச்சாச்சு மாப்ள. இனிமே இங்கிலீஷு வந்தா என்ன, வராட்டி என்ன?"

ஆவணியில் கல்யாணம். சமையல் கப்பல் அண்ணாச்சி, தலையில் தொப்பியோடு. கடைசிப் பந்தி முடிந்து, எச்சில் இலைகளை எடுத்தபிறகுதான் தனியாக உட்கார்ந்து இலை போட்டார். மாலையும் கழுத்துமாக மேடையிலிருந்து இறங்கிப் போய்ச் சாம்பார் வாளியை வாங்கினேன். முதல் கரண்டி அவர் கை மேல் விழுந்தது. "பரவால்ல தம்பி, சாம்பாரும் ஒங்களுக்கு வராது போல" என்றார். அவர் சாப்பிட்டு எழும்வரை நான் அங்கேயே நின்றேன். போட்டோக்காரர் கத்திக் கத்திப் பார்த்துவிட்டு அவர் வேலையைச் செய்துவிட்டார்.

எங்கள் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில் மணப்பெண் மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பாள். பார்க்கிறவர்கள் மாப்பிள்ளை எங்கே என்று கேட்டால் என் மனைவியே சொல்லிவிடுவாள்: "அவுகளா? அண்ணாச்சி சாப்பிட்டுக்கிட்டு இருந்தாக. பக்கத்துல நின்னாக."