இடப்பக்க இருக்கையில் மச்சான்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். அங்கே தாங்களும் அக்காவும் தங்கள் இடது முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மூன்று வருடம் வாய் திறக்காதவன் இப்போது எழுதுகிறானே, என்ன கேட்கப்போகிறானோ என்று பதற வேண்டாம். கேட்கப்போவது இரண்டு வரியும் ஒரு கையெழுத்தும் மட்டும். தாங்கள் புறப்பட்டு வரவெல்லாம் தேவையே இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். நான் முப்பத்தோரு வருடம் லாரிகளை எடை போட்ட மைதானத்தில் நகராட்சி இப்போது சைக்கிள், ஸ்கேட்டிங் பூங்கா அமைக்கிறது. பழைய டயரை அரைத்துப் பாதை போடுகிறார்கள், மழைத் தண்ணீர் அந்தப் பாதை வழியாகவே இறங்கித் தொட்டிக்குப் போய்விடுமாம், ஒரு மரத்தையும் வெட்டுவதில்லை என்று முடிவானதால் பாதை போதையில் நடப்பவன் மாதிரி வளைந்து வளைந்து போகிறது. சக்கர நாற்காலிக்குச் சரிவு, பார்வையில்லாதவர்களுக்குக் காலில் தட்டுப்படும் கோடு, ஸ்கேட்டிங் புதிதாகப் பழகுகிறவர்கள் பிடித்துக்கொள்ளக் கம்பி என்று எல்லாம் உண்டு. வடிவமைப்பவர் ஒரு பெண் பொறியாளர். பொதுமக்கள் கூட்டத்தில் அவர் வரைபடத்தை மாட்டிவிட்டு, இதில் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று கேட்டார். எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. அறுபத்தெட்டு வயதாகியும் சைக்கிள் ஓட்டத் தெரியாதவன் விடுபட்டிருக்கிறான் என்றேன். சிரிப்பார்கள் என்று நினைத்துத்தான் சொன்னேன். அந்த அம்மா சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

அடுத்த மாதமே, வேலை முடிந்து திறந்துவிட்ட பகுதியில் ஒரு வண்டி வந்து நின்றது. மூன்று சக்கரம், அருகருகே இரண்டு இருக்கை, இரண்டு பேருக்கும் தனித்தனி மிதி. ஓட்டத் தெரிய வேண்டாம், விழவும் விழாது. அதற்கென்று தனிப் பாதையும் வரைந்தாகிவிட்டது. அதை ஓட்டிப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு. ஒரே ஒரு குறை, ஒற்றை ஆளாக ஏறினால் வண்டி என் பக்கமாகவே இழுக்கிறது. முதல் நாள் முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் வட்டமடித்தேன். ஸ்கேட்டிங் பழகும் சிறுமி ஒருத்தி நின்று பார்த்துவிட்டு, "தாத்தா, உங்களுக்கு வேற எங்கயும் போக வேணாமா?" என்று கேட்டாள். நல்ல கேள்விதான் மச்சான்.

ஆள் தேடினேன். மாடி வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார், ஏழு ஞாயிறு போய்விட்டது. எதிர்வீட்டுக்காரர் என் கேட் சத்தம் கேட்டாலே செல்போனைக் காதில் வைத்துக்கொள்கிறார், அது அடிக்காமலேயே. கடைசியில் வேலை நடக்கும் இடத்தில் கேட்டு வாங்கி, ஐம்பது கிலோ சிமென்ட் மூட்டை ஒன்றை இடப்பக்கம் உட்காரவைத்தேன். வண்டி நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது.

ஆனால் பூங்காக் காவலாளி அப்படியே விடவில்லை. இருக்கையில் இருப்பது யாராக இருந்தாலும் ஹெல்மெட் போட வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்றார். எங்கள் பழைய எடைமேடை அறையில்தான் ஹெல்மெட்டுகளை அடுக்கியிருக்கிறார்கள். ஒன்றை எடுத்து மூட்டைக்கு மாட்டினேன். பதிவேட்டில் உடன் வருபவர் என்ன உறவு என்று ஒரு கட்டம். யோசித்துப் பார்த்தேன். மச்சான் என்று எழுதிவிட்டேன். தாங்கள் மன்னிக்க வேண்டும், வேற உறவு எதுவும் ஞாபகத்துக்கு வரல. இப்ப பூங்காவே அதை மச்சான்னுதான் கூப்பிடுது. வர்றவங்க போறவங்க எல்லாம் மச்சானுக்கு பெல்ட் மாட்டியாச்சான்னு விசாரிக்கிறாங்க. அந்தச் சிறுமி தினமும் சல்யூட் வைக்கிறா. சொல்ல வெக்கமாத்தான் இருக்கு, நானும் அதோட பேச ஆரம்பிச்சுட்டேன். குழாய் ஒழுகுறது, கண்ணாடி பவர் மாறினது, உங்க தங்கச்சியோட பீரோ சாவி இன்னும் கிடைக்காதது, எல்லாம் சொல்லுவேன். வீட்டுல மூணு வருஷமா பேசாத பேச்சு. ஊர்ல இருக்கிற லாரியெல்லாம் எடை போட்டவன், உங்க தங்கச்சி எடை என்னன்னு கடைசி வரைக்கும் கேட்டதில்ல. ஐம்பது இருந்திருக்கும்னு இப்ப தோணுது. திருப்பத்துல மூட்டை என் தோள் மேல சாயுறப்ப கொஞ்ச நேரம் மிதிக்காம இருந்துடுறேன்.

இனி வேண்டுகோள். வரும் பதினான்காம் தேதி வரைபடத்தை இறுதி செய்கிறார்கள். அதற்குள் இரண்டு இருக்கைக்காரர்களின் கருத்தும் எழுத்தில் வேண்டும். இல்லையென்றால், ஒரே ஆளுக்காக இவ்வளவு இடமா என்று எங்கள் பாதையை அழித்துவிட்டுக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிடுவார்கள். அது போனால் காலையில் எழுந்து போக எனக்கு ஓரிடம் இல்லை. பொறியாளர் அம்மா அலுவலகத்தில் உட்கார்ந்து பதிவேட்டை மட்டும் பார்ப்பவர். உங்கள் மச்சான் தினமும் வருகிறாரே, ஒன்றும் எழுதித் தரவில்லையே என்று போனில் கேட்கிறார். ஆகவே தாங்கள், 'இடப்பக்க இருக்கை வசதியாக இருந்தது, குறை ஒன்றும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினால் போதும். பொய் என்று நினைக்க வேண்டாம். மூட்டையிடம் நான் கேட்டுவிட்டேன், அதற்குக் குறை ஒன்றும் இல்லை.

அவள் இருந்தவரை நீங்கள் தங்கையைப் பார்க்க வந்தீர்கள், நான் நாற்காலி எடுத்துப் போட்டேன். அவள் போனபின் நீங்கள் யாரைப் பார்க்க வருவது, நான் யாருக்கு நாற்காலி போடுவது என்று நம் இருவருக்குமே தெரியாமல் போய்விட்டது. அதற்காகத் தங்களைக் குறை சொல்லவில்லை. நான் இங்கே சௌகரியமாக இருக்கிறேன். அலைந்து காலைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் இப்போது எவ்வளவு உயரமோ தெரியாது, குத்துமதிப்பாக என் ஆசிகள்.

இப்படிக்கு,
வலப்பக்க இருக்கை

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மழை பிடித்துக்கொண்டது, இரண்டு நாள் விடவில்லை. பாதையைப் பற்றி அந்த அம்மா சொன்னது உண்மை, ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. ஆனால் மச்சானை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். இன்று காலை போய்ப் பார்த்தால் கல்லாக இறுகிக் கிடக்கிறார். பெல்ட்டை அறுத்து, நாலு பேர் சேர்ந்துதான் தூக்கினோம். காவலாளி தொப்பியைக் கழற்றிக்கொண்டார். கையெழுத்தெல்லாம் அனுப்ப வேண்டாம் மச்சான். பதினாலாம் தேதிக்கு முன்னால நீங்களே வந்துடுங்க. எழுபது கிலோவுக்கு மேல இருந்தாலும் பரவாயில்ல, என் பக்கம் நான் செங்கல் வெச்சுக்கிறேன். ஹெல்மெட்டைத் துடைச்சு வெச்சிருக்கேன். முழங்காலை நினைச்சு பயப்பட வேண்டாம், நீங்க மிதிக்கவே வேணாம். மூட்டையும் மிதிச்சதில்ல. சும்மா பக்கத்துல உக்காந்தா போதும்.