கூரை ஒழுகிய ஜீப்பும் நானும்

பிடிவாதம் பிடித்து வாங்கிய பொருளைப் பற்றி வீட்டில் வாய் திறந்து ஒரு குறை சொல்ல முடியாது. அதைவிடக் கொடுமை உலகத்தில் இல்லை. அந்த ஜீப்பை என் கணவர் வாங்கியிருந்தால், காலையில் ஒரு தடவை, படுக்கப் போகும்போது ஒரு தடவை குத்திக் காட்டியிருப்பேன். வாங்கியது நான். பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. வீடு திருவொற்றியூரில். வேலை மணலியில், ஒரு ரசாயன ஆலையின் ஆய்வுக்கூடத்தில். இரண்டுக்கும் நடுவே சாலை என்று ஒன்று இருந்ததாகச் சொல்வார்கள். கன்டெய்னர் லாரிகள் உழுது போட்ட பள்ளங்களில் ஸ்கூட்டரோடு இரண்டு தடவை விழுந்தேன். இரண்டாம் தடவை என்னைத் தூக்கிவிட்ட லாரி டிரைவர், "இன்னாம்மா, இந்த ரோட்டுக்குப் போய் ஸ்கூட்டர் எட்த்துகினு வந்துகீற? போட்டு வாங்கும்மா, போட்டு!" என்றார். படகுக்கு அடுத்தபடியாக எனக்குத் தோன்றியது ஜீப்.

என் கணவர் குமார் ராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் வேலை. அவர் ஒரு பழைய காரைப் பார்த்து வைத்திருந்தார். "செல்வி, அதுக்கு நாலு கதவு. நாலும் பூட்டும். மேல தகரம் இருக்கு" என்று கெஞ்சினார்.

"மேல என்ன இருந்தா என்னங்க? பள்ளம் கீழதானே இருக்கு?" என்றேன். (அறிவாளித்தனமாகப் பேசிவிட்டதாக நினைத்து அன்று முழுக்கப் பூரித்துப்போயிருந்தேன்.)

ஜீப் பள்ளங்களை ஏறி மிதித்துக்கொண்டு போனது. அதில் குறையே இல்லை. குறை முழுவதும் மேலே இருந்தது. கம்பிச் சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டிய கித்தான் கூரை. அதைக் கட்ட இருபத்திரண்டு வார்கள், அத்தனைக்கும் பக்கிள். ஜன்னல் என்ற பெயரில் தைத்திருந்த பிளாஸ்டிக் தாள் ஆறே மாதத்தில் மஞ்சளாகி, ஊரே காமாலை கண்டதுபோல் தெரிந்தது. முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் கித்தான் படபடவென்று அடித்துக்கொள்ளும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கத்தினால்கூடக் கேட்காது. (ஜீப்பைப் பற்றி என் கணவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை இதுதான்.)

மழை பெய்தால் ஓட்டுநர் இருக்கைக்கு நேர் மேலே இருந்த தையலில் ஒழுகும். சரியாக என் வலது தோள்பட்டை. பந்தல் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்தேன். மெழுகு தேய்த்தேன். தார் பூசினேன். ஒழுகல் ஒரு அங்குலம் நகர்ந்து மறுபடி தோளுக்கே வந்தது. கடைசியில் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஓட்டப் பழகினேன். அரசியல்வாதி மாதிரி இருந்தது.

இதெல்லாம் போகட்டும். அந்த வண்டியைப் பூட்ட முடியாது. பூட்ட முடியாத வண்டி தெருவுக்குப் பொது. பின்சீட்டில் நாய் தூங்கும். மத்தியானத்தில் யாராவது உள்ளே உட்கார்ந்து பேப்பர் படிப்பார்கள். எதிர்வீட்டு பேபி அக்கா, காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து வியாபாரம் செய்பவர், தன் கூடைகளை அதன் நிழலில்தான் வைப்பார். வண்டிக்குள் எப்போதும் மீன் வாடைதான், என் மூக்குக்கு அது பழகிப்போயிருந்தது. "சும்மாத்தானே நிக்குது செல்வி" என்பார். நான் ஓட்டாத நேரமெல்லாம் அது சும்மாத்தான் நின்றது.

இனி அந்தத் திங்கட்கிழமை. மணலி புதுநகர்ப் பக்கமிருந்து ஏதோ நாற்றம் வருகிறதென்று புகார் கிளம்பியிருந்தது. எந்த ஆலையின் நாற்றம் என்று யாருக்கும் தெரியாது. எங்களுடையதா என்று பார்க்க, தலைமை அலுவலகத்திலிருந்து ராகவன் என்ற பாதுகாப்பு அதிகாரி வருகிறார். அவரைச் சுற்றிக் காட்டும் பொறுப்பு எனக்கு. என் வேலை நிரந்தரமாகும் உத்தரவு மேலாளர் தாமஸ் சாரின் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. இன்று ஒழுங்காக நடந்துகொண்டால் கையெழுத்து.

விடிகாலையில் தூறியிருந்தது. வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினேன். வெளுத்த காட்டன் புடவை, கஞ்சி போட்டது. வண்டி நகர்ந்ததும் தோளில் சொட்டியது. துண்டை எடுத்து வரவில்லை. வழக்கமான ஒழுகல்தானே என்று விட்டுவிட்டேன். பிரேக் போடும்போதெல்லாம் தலையிலும் சொட்டியது. பின்னியிருந்த கூந்தல் அத்தனையையும் உறிஞ்சிக்கொண்டது.

வழியில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து மேலே கை காட்டி ஏதோ கத்தினார். கித்தான் போட்ட சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. ஒரு பெண் தனியாக ஜீப் ஓட்டுகிறாளே என்ற வியப்பு என்று நினைத்து, சிரித்துக் கை அசைத்தேன். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களும் மேலே கை காட்டினார்கள். அவர்களுக்கும் அசைத்தேன். ஆலை வாசல்வரை ஒரு அமைச்சரைப் போல வந்து சேர்ந்தேன்.

ராகவன் சார் ஆறடி உயரம், நீண்ட மூக்கு. ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்து இரண்டு நிமிஷம் ஆகவில்லை, அந்த மூக்கு உயர்ந்தது.

"ஏதோ வாடை வருதே?"

எங்கள் ஆலையில் அமீன் என்று ஒரு ரசாயனம் புழக்கத்தில் உண்டு. கசிந்தால் அழுகிய மீன் நாற்றம் அடிக்கும் என்பது கல்லூரிப் பாடம். நான் ஆழமாக மூச்சை இழுத்தேன். அட, ஆமாம்!

"அமீன் சார்!" என்றேன். பரிசு விழுந்த குரலில்.

தாமஸ் சாரின் முகம் வெளுத்தது. மூன்று பேரும் சேமிப்புக் கிடங்குக்கு ஓடினோம். அங்கும் அதே நாற்றம். பம்பு அறை, அங்கும். கேன்டீன் வாசலில்கூட.

"கவனிச்சீங்களா? நாம போற இடத்துக்கெல்லாம் வருது" என்றார் ராகவன் சார்.

"பரவிட்டிருக்கு சார்" என்றேன் கவலையோடு.

கசிவைக் காட்டும் கருவியை எடுத்து வந்தார்கள். முள் பூஜ்யத்திலேயே நின்றது. பார்த்துவிட்டு நான், எம்.எஸ்ஸி. வேதியியல், முதல் வகுப்பு, சொன்னேன்: "கருவி கெட்டுப்போச்சு சார். மூக்கு பொய் சொல்லாது."

தாமஸ் சார் என்னைப் பார்த்தார். "செல்வி, நிச்சயமா சொல்றீங்களா? யூனிட்ட நிறுத்தினா திரும்பக் கிளப்ப ராத்திரி ஆயிடும்."

"நிறுத்திடுங்க சார்."

சங்கு ஊதியது. உற்பத்தி நின்றது. இருநூறு பேர் வேலையைப் போட்டுவிட்டு மைதானத்தில் வந்து கூடினார்கள். நான் நடுவில் நின்று, "யாருக்காவது கண் எரியுதா? தலை சுத்துதா?" என்று கேட்டுக்கொண்டே போனேன். நான் கிட்டே போனவர்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆமா மேடம், இங்கதான் ஜாஸ்தியா கீது" என்றார்கள். ஒரு வெல்டர் வாந்தியே எடுத்தார். நிலைமை கைமீறிப் போகிறது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் வாசல் காவலர் மஸ்தான் பாய் ஓடி வந்தார். "மேடம், உங்க வண்டி மேல ஒரே காக்கா. நாப்பது அம்பது கீதும்மா."

"பாய், இப்ப அதுவா முக்கியம்? கேஸ் லீக் ஆயிட்டிருக்கு!"

"இல்ல மேடம்." பாய் தயங்கினார். தாமஸ் சாரையும் ராகவன் சாரையும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "காக்கா வாயில நெத்திலி கீது."

ராகவன் சார் வண்டி நிறுத்துமிடத்துக்கு நடந்தார். பின்னால் தாமஸ் சார், அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் இருநூறு பேர்.

நான் நாலடி பதினோரு அங்குலம். தரையில் நின்றால் என் ஜீப்பின் உச்சி எனக்குத் தெரியவே தெரியாது. ராகவன் சாருக்கு நுனிக்காலில் நிற்கவேண்டிய அவசியம்கூட இல்லை. எட்டிப் பார்த்தார். கித்தான் முழுக்க உப்புப் போட்ட நெத்திலி பரப்பி, மேலே பழைய மீன்வலையை விரித்து, வலையின் ஓரங்களை என் பக்கிள்களிலேயே இழுத்துக் கட்டியிருந்தது. இருபத்திரண்டு பக்கிளிலும். காக்கைகள் வலையோடு சேர்த்துக் கித்தானையும் கிழித்துக்கொண்டிருந்தன. தூறலில் ஊறிய உப்புநீர் தையல் வழியாக ஓட்டுநர் இருக்கையில் இன்னமும் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் அந்த நீரில் ஒரு விரலை வைத்து முகர்ந்தார். பிறகு திரும்பி வந்து, என் தலைக்கு ஓர் அடி தூரத்தில் குனிந்து ஒரு தடவை மூச்சை இழுத்தார்.

"மிஸ்டர் தாமஸ், லீக் இங்கதான்" என்றார்.

இருநூறு பேர் சிரித்தால் எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். வாந்தி எடுத்த வெல்டர்தான் அதிகமாகச் சிரித்தார்.

யூனிட் திரும்ப ஓட மறுநாள் காலையாகிவிட்டது. என்னிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். கருவாட்டை அலுவலக ஆங்கிலத்தில் கௌரவமாக எழுதுவது எப்படி என்று தெரியாமல் நாலு தடவை எழுதிக் கிழித்தேன். நிரந்தர உத்தரவு ஆறு மாதம் தள்ளிப்போனது.

சாயங்காலம் தெருமுனையிலேயே பேபி அக்கா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா செல்வி நீ! மேல கருவாடு கீதுன்னு பாக்காமயா வண்டிய எட்த்துகினு பூட்ட? நேத்து சாய்ந்தரம் எடுக்கலாம்னு இருந்தேன், பொண்ணுக்கு வலி வந்துச்சுன்னு ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டேன். காத்தால வந்து பாத்தா வண்டிய காணோம்!"

"அக்கா, என் வண்டி மேல காயப் போடலாமான்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"கேட்டா வேணான்னா சொல்லப்போற?" என்றார். "தகரம்னா மீனு வெந்து பூடும். மொட்டை மாடின்னா பூனை. உன் வண்டி மாதிரி பக்குவமா எதுவும் காயாது. மூணு மாசமா ஞாயித்துக்கிழமைன்னா அங்கதான் போட்டுகினு கீறேன். நீயும்தான் வாங்கித் தின்னுகினு கீற." பிறகு, கொஞ்சம் இறங்கி, "பேரன் பொறந்துகீறான்" என்றார். அதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது?

வீட்டுக்குள் கணவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பேபி அக்கா காலையிலேயே அவரிடம் வந்து கத்தியிருக்கிறார். அவரும் என்னை எச்சரிக்க ஆலைக்குப் பத்துத் தடவை போன் செய்திருக்கிறார். "யாருமே எடுக்கல செல்வி." எப்படி எடுப்பார்கள்? போன் எடுப்பவரை முதல் ஆளாக மைதானத்துக்கு விரட்டியதே நான்தான்.

தலைக்கு ஏழு தடவை குளித்தேன். அந்த ஜீப்பை ஆறு மாதத்தில் விற்றுவிட்டேன். இன்றைக்கும் வீட்டில் காஸ் வாடை வந்தாலும், சாக்கடை அடைத்தாலும், சாம்பார் அடிபிடித்தாலும், கணவர் தலையைத் தூக்கி, "செல்வி, யூனிட்ட நிறுத்திடலாமா?" என்பார். அதற்குப் பழகிவிட்டேன்.

ஆனால் என் மகள் கல்லூரியில் வேதியியல் எடுத்திருக்கிறாள். போன வாரம் வகுப்பில் பேராசிரியர், "அமீன் வாசனை எப்படி இருக்கும், யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டிருக்கிறார்.

இவள் எழுந்து நின்று, "எங்கம்மா மாதிரி இருக்கும் சார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.