ஊசல் சொன்னால் சரி

புற்றுநோய் மருத்துவமனையில் இப்போதெல்லாம் டாக்டரைப் பார்க்கக் கூட்டமில்லை. ஊசல் ஞானியைப் பார்க்கத்தான் கூட்டம். நேற்றுவரை கதிர்வீச்சுக்கு நாள் கேட்டு நின்றவர்கள், இன்று அவருடைய கார்க் கதவைத் தொட முண்டியடிக்கிறார்கள்.

ஞானியின் வித்தை இதுதான். நோயாளியின் கோப்பைக் கட்டு அவிழ்க்காமல் மேசையில் வைப்பார்கள். நூலில் கட்டிய பித்தளைக் குண்டை அதன்மேல் தொங்கவிடுவார். குண்டு சுற்றினால் அவசரம். சும்மா தொங்கினால் நோய் தூங்குகிறது, வீட்டுக்குப் போகலாம். சுற்றிய கோப்புகளை மட்டும் பிரித்துப் பார்த்தார்கள். அத்தனையிலும் ‘அவசரம்’ என்று டாக்டர் ஏற்கெனவே எழுதியிருந்தார். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். டாக்டர் எழுதியதையே திருப்பிச் சொல்ல ஒரு குண்டு எதற்கு என்று ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை.

தேசியப் புற்றுநோய் வாரியத் தலைவருக்கு ஒரே குஷி. நாடெங்கும் சிகிச்சையைச் சீரமைக்க அவர் கண்ட வழி இது. பாதிப் பேரின் நோய் தூங்கிவிட்டால் வரிசையும் பாதியாகிவிடும். அப்புறம் இரண்டாவது கதிர்வீச்சு இயந்திரம் எதற்கு? அதற்கு ஒதுக்கிய நிதி அப்படியே ஊசல் பிரிவுக்குப் போனது. நோயைக் குறைக்காமல் வரிசையைக் குறைத்த மேதை!

கோப்பறை எழுத்தரும் ஞானியை நம்பியவள்தான், சொந்த அக்காவின் கோப்பு மேசைக்கு வரும்வரை. குண்டு அசையவே இல்லை.

“தூங்குதும்மா. அக்காவைக் கூட்டிட்டுப் போங்க,” என்றார் ஞானி.

அக்காவின் தொண்டைக் கட்டி தூங்கவில்லை. தண்ணீர் விழுங்கவே அக்கா தவித்தாள். தங்கை டாக்டரிடம் ஓடினாள்.

“நான் அவசரம்னுதாம்மா எழுதியிருக்கேன். ஞானி முத்திரை இல்லாம யாருக்கும் கதிர்வீச்சு குடுக்கக் கூடாதுன்னு வாரியம் சொல்லிடுச்சே,” என்று டாக்டர் கையைப் பிசைந்தார்.

கோப்பறைக்குத் திரும்பி அக்காவின் கோப்பை எடுத்தாள். டாக்டர் அவசரம் என்று எழுதியதற்குச் சிவப்பு நாடா, மற்றதற்கு வெள்ளை நாடா கட்டுவது அவள் வேலை. அக்காவின் கோப்பைக் கட்டிய அன்று சிவப்பு தீர்ந்துபோயிருந்தது. நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று வெள்ளையைக் கட்டி அனுப்பியவள் அவளேதான். அப்புறம்தான் உறைத்தது. குண்டு நோயைப் பார்க்கவில்லை, நாடாவைப் பார்த்திருக்கிறது!

மறுநாள் ஞானியின் வித்தையைப் பார்க்க வாரியத் தலைவரோடு அமைச்சர் வந்தார். கூடம் நிரம்பி வழிந்தது. அவள் இரண்டு கோப்புகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

சிவப்பு நாடாவின்மேல் குண்டு மின்விசிறியாய்ச் சுற்றியது.

“மூணாம் கட்டம்! இன்னைக்கே கதிர்வீச்சு குடுத்தாகணும்!”

வெள்ளை நாடாவின்மேல் அசையாமல் நின்றது.

“நிம்மதியா தூங்குது.”

கூடம் கைதட்டியது. அமைச்சரும் தட்டினார்.

“ரெண்டையும் அவிழ்த்துப் பாக்கலாங்களா?” என்றாள் அவள்.

“அவிழ்த்தா சக்தி போயிடும்!” என்று ஞானி பதறினார்.

“சக்தி போனா போகட்டுங்க. நோயாளி போயிடக் கூடாதுல்ல?”

சிவப்பை அவிழ்த்தாள். உள்ளே மருத்துவமனை லிஃப்ட்டைப் பழுதுபார்த்த பில்கள்.

“லிஃப்டுக்கு மூணாம் கட்டமாம், ஐயா.” வெள்ளையை அவிழ்த்து அமைச்சர் கையில் கொடுத்தாள். “இது எங்க அக்கா. டாக்டர் அவசரம்னு எழுதியிருக்காரு பாருங்க. ரெண்டு நாளா தண்ணிகூட இறங்கலை.”

கூட்டம் எழுந்தது. ஞானி லிஃப்டை நோக்கி ஓடினார், பொத்தானை அமுக்கு அமுக்கென்று அமுக்கினார். அது வரவில்லை. மூன்றாம் கட்டமல்லவா!

“ஊசல் தப்பா இருக்கலாம், திட்டம் நல்ல திட்டம்தான்...” என்று தலைவர் இழுத்தார். கேட்க யாரும் நிற்கவில்லை.

அன்றைக்கே அக்காவுக்குச் சிகிச்சை தொடங்கியது. வெள்ளை நாடாவோடு அனுப்பப்பட்டவர்களை மறுநாளிலிருந்து வீடு வீடாகத் தேடிப் போனார்கள். சில வீடுகளில், “இப்ப எதுக்கு வந்தீங்க?” என்று மட்டும் கேட்டார்கள்.

ஒரு நாடாவை அவிழ்க்க ஞானம் வேண்டாம், இரண்டு விரல் போதும். அந்த விரல்களைக் கைதட்ட மட்டுமே வைத்திருக்கும்வரை, ஊருக்கு ஊர் ஒரு குண்டு சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.