புழு சொன்ன சாட்சி

ஒரு காட்டில், மரத்துக்கு மரம் பழம் தொங்கிக்கொண்டிருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை காலையில் அரசமரத்தடிக்குப் போய்க் காசு கொடுத்து வாங்கினால்தான் அது பழம் என்று எல்லா மிருகங்களும் நம்பிக்கொண்டிருந்தன. அந்தக் கூத்துக்கு இயற்கை விளைபொருள் சந்தை என்று பெயர். நான் வைத்த பெயர் இல்லை, சந்தைத் தலைவர் யானையார் வைத்தது.

வாரம் தவறாமல் அங்கே மூன்று சிநேகிதர்கள் வருவார்கள். மந்தி வசுமதி, புள்ளிமான் சுலோசனா, கீரி தாமோதரன். மூவர் தோளிலும் ஒரே மாதிரித் துணிப்பை. வசுமதி படுத்துத் தூங்குவதே கொய்யா மரத்தில்தான், ஆனால் கொய்யா வாங்கச் சந்தைக்கு வருவாள். சுலோசனா புல்கட்டை மோந்து பார்த்துவிட்டு, இது இயற்கைப் புல்தானா என்று கேட்பாள். தாமோதரனுக்கு வாங்கும் பழக்கமே கிடையாது, ருசி பார்ப்பதோடு சரி. அவன் தலை தெரிந்ததுமே தேன் கடைக் கரடி கரண்டியை ஒளித்துவைத்துவிடும்.

அன்றைக்கு மூவரும் வந்து நின்றது முள்ளம்பன்றி மாசிலாமணியின் கத்திரிக்காய்க் கடையில். பாவம், அவனுக்கு அன்று வாழ்வா சாவா நிலைமை. ரொம்ப நாளாகவே கூடை நிறையக் கொண்டுவருகிறான், கூடை நிறையத் திருப்பிக்கொண்டு போகிறான். இன்றைக்கும் கூடை காலியாகாவிட்டால் கடையைக் காலி பண்ணு, அந்த இடத்தில் நரி மூலிகைச் சோப்பு விற்கட்டும் என்று யானையார் கறாராகச் சொல்லிவிட்டார். வீட்டு நிலவரம் அதைவிட மோசம். விற்காததையெல்லாம் பொரியலும் கூட்டும் வத்தக்குழம்புமாகத் தின்று தின்று, கத்திரிக்காய் என்றாலே பிள்ளைகள் புதருக்குள் ஓடி ஒளிகின்றன.

இத்தனைக்கும் காய் என்றால் அப்படி ஒரு காய். பளபளவென்று, அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். வசுமதி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் சுருங்கிப்போனது.

"ஒரு ஓட்டைகூட இல்லையே. மருந்து அடிச்சீங்களா?"

"இல்லீங்கம்மா. காலையிலயும் சாயங்காலமும் உக்காந்து, ஒவ்வொரு புழுவா கையால பொறுக்கி வேலியோரம் விட்டுட்டு வரேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். இந்தக் காலத்தில் எவன் புழு பொறுக்குவான், யாருக்குக் காது குத்துகிறான் என்று தாமோதரன் சத்தமாகவே கேட்டான். சுலோசனா மட்டும் கொஞ்சம் பதமாகப் பேசினாள்.

"புழுவே தொடாததை நாங்க எப்படிங்க சாப்பிடறது?"

அவ்வளவுதான். பின்னால் நின்ற கூட்டமும் கலைந்துவிட்டது. மாசிலாமணி அவசரமாகக் கடைக்குப் பின்னால் போய், முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி நாலு காயில் ஓட்டை போட்டுக் கொண்டுவந்தான். தாமோதரன் ஓட்டைக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, வீடு இருக்கு, ஆள் இல்லையே என்று உதட்டைப் பிதுக்கினான்.

வேறு வழியில்லாமல் மாசிலாமணி மூச்சிரைக்க ஓடி, தோட்டத்து வேலியோரம் போய் நின்றான். அங்கே பொன்னுரங்கம் என்றொரு புழு முருங்கை இலையில் சாய்ந்து கிடந்தது. தயவுசெய்து சந்தைக்கு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகும்படி மாசிலாமணி கெஞ்சினான்.

"வெள்ளிக்கிழமை என் கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளினியே, ஞாபகம் இருக்கா?" என்றது பொன்னுரங்கம்.

புழுவுக்குக் கழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்கும் நிலைமையில் அவன் இல்லை. தப்புதான் என்று ஒத்துக்கொண்டான். பொன்னுரங்கம் கொஞ்ச நேரம் பிகு பண்ணிக்கொண்டது. அப்புறம், தோட்டத்தைத் தன் பேருக்கு எழுதிவைத்தால் வருவதாகச் சொன்னது. கடை போனால் தோட்டத்தை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது, யாருக்குப் பொரியல் வைப்பது? மாசிலாமணி தலையை ஆட்டிவிட்டான்.

சந்தையில் உச்சிக் காயின் ஓட்டை வழியாகப் பொன்னுரங்கம் மெல்ல எட்டிப் பார்த்ததுதான் தாமதம், வசுமதி ஆனந்தத்தில் அலறினாள். புழு இருக்கிறதாம், மருந்தே அடிக்கவில்லையாம். செல்போனை நீட்டி அதோடு நாலு போட்டோ எடுத்துக்கொண்டாள். தேன் கடை, கிழங்குக் கடை என்று நின்ற கூட்டமெல்லாம் இந்தப் பக்கம் சாய்ந்தது. எல்லாருக்கும் புழு கடித்த காய்தான் வேண்டும், இருப்பதோ ஒரே புழு. கடைசியில் யானையார் வந்து டோக்கன் கொடுத்து வரிசையில் நிறுத்தினார். ஒவ்வொருவரும் காயை நீட்ட, பொன்னுரங்கம் கொட்டாவி விட்டுக்கொண்டே ஒரு கடி கடித்துக் கொடுத்தது.

கூடை சுத்தமாகக் காலி. நரி சோப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டியது. மாசிலாமணி அங்கேயே உட்கார்ந்து அழுதேவிட்டான், சந்தோஷத்தில்தான்.

வசுமதி வீட்டுக்குப் போய்க் காயை நறுக்கினாள். உள்ளே பொன்னுரங்கத்தின் அக்கா மகன் உறங்கிக்கொண்டிருந்தான். மாமாவோடு ஊர் பார்க்க வந்தவன், அசந்துவிட்டான். வீல் என்று கத்திய வசுமதி, அத்தனை காயையும் மரத்திலிருந்து வீசிவிட்டு, டவுனிலிருந்து பரோட்டா வரவழைத்துச் சாப்பிட்டாள். அடுத்த ஞாயிறு முதல் ஆளாக வரிசையில் நின்றவளும் அவள்தான்.

அதற்குள் கடைக்குப் புதுப் பலகை வந்துவிட்டது: பொன்னுரங்கம் இயற்கைப் பண்ணை. முதலாளி ஒரு கத்திரிக்காய் மேல் காலே இல்லாமல் கால்மேல் கால் போட்ட தோரணையில் உட்கார்ந்திருக்க, மாசிலாமணி பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு வருத்தமில்லை. வீட்டில் பிள்ளைகள் ரொம்ப நாளைக்குப் பிறகு சுரைக்காய் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

அன்று சாயங்காலம் முதலாளி தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தது. இலைக்கு இலை வேறு புழுக்கள். அதற்கு வந்ததே கோபம். மாசிலாமணியைக் கூப்பிட்டது.

"என்னய்யா தோட்டம் வச்சிருக்கே? நாளையிலருந்து காலையிலயும் சாயங்காலமும் உக்காந்து, இதுங்களை ஒவ்வொண்ணா கையால பொறுக்கி வேலியோரம் விடு."

"சரிங்க ஐயா" என்றான் மாசிலாமணி. அந்த வேலை அவனுக்கு நன்றாகவே தெரியும்.

நீதி: உங்கள் தோட்டத்துப் புழுவைத் தூக்கி எறியும்போது கொஞ்சம் மரியாதையாக எறியுங்கள். சம்பளம் பேசும்போது அவர் அதை ஞாபகம் வைத்திருப்பார்.